சேற்று நிலத்தில் சரிந்த நெடுஞ்சாலைக் கரையைச் சீரமைப்பது எப்படி

2025 மே 19 அன்று கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில், கட்டிக்கொண்டிருந்த தேசிய நெடுஞ்சாலை 66-இன் ஒரு பகுதி சரிந்து வயலுக்குள் இறங்கியது. பக்கத்தில் இருந்த சர்வீஸ் ரோடும் கூடவே போனது. சாலைக்காக மண் கொட்டி உயர்த்திய கரையின் எடையை, அடியில் இருந்த நெல்வயல் மண் தாங்கவில்லை என்பதுதான் முதலில் வந்த விளக்கம். பிறகு அங்கே மறுபடியும் மண் கொட்ட வேண்டாம், தூண்கள் மேல் பாலமாகவே சாலையைக் கொண்டுபோகலாம் என்று முடிவானது.

எல்லா இடத்திலும் பாலம் கட்டப் பணம் இருக்காது. வயல், கழிமுகம், சதுப்பு நிலம் வழியாகப் போகும் சாலைகளில் கரை சரிந்தால், பெரும்பாலும் அதே கரையைத்தான் சரிசெய்து மறுபடி வண்டி ஓட விட வேண்டியிருக்கும். சைட் இன்ஜினியராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்று இங்கே எழுதுகிறேன். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரிவது கரையின் சரிவு என்றாலும், தாங்காமல் போனது பெரும்பாலும் அதற்குக் கீழே உள்ள களிமண். அந்தக் களிமண்ணுக்குள் சறுக்கல் எந்த ஆழத்தில் போயிருக்கிறது என்று தெரியாமல் மேலே என்ன செய்தாலும் அது நிற்காது.

விரிசலைப் பார்த்த அன்று

சாலை ஓரத்தில் வில்போல வளைந்த நீளமான விரிசல் தெரிகிறது, அதன் ஒரு பக்கம் சில சென்டிமீட்டர் இறங்கியும் இருக்கிறது என்றால், சறுக்கல் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தப் பக்கம் வண்டிகளை நிறுத்துங்கள். கனரக வாகனங்களை மறுபக்கத்துக்கு மாற்றினால் மட்டும் போதாது. விரிசலின் மறுபக்கமும் கொஞ்ச தூரத்துக்கு நம்ப முடியாது. முதல் சறுக்கலுக்குப் பின்னால் இரண்டாவது ஒன்று வருவது வழக்கம்.

அடுத்தது, செய்யக்கூடாதவை. மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

இறங்கிய இடத்தை லாரி லாரியாகக் கிராவல் கொட்டி மட்டம் கட்டுவது முதல் தவறு. வண்டி போக வேண்டும் என்ற அவசரத்தில் எல்லாரும் இதைத்தான் செய்யச் சொல்வார்கள். சறுக்கிக்கொண்டிருக்கும் மண்ணின் தலையில் எடை ஏற்றினால் அது இன்னும் வேகமாகக் கீழே தள்ளும். ராத்திரி கொட்டிய மண் காலையில் காணாமல் போவது இதனால்தான்.

கரையின் அடியில் பொம்மிக்கொண்டு மேலெழும்பியிருக்கும் மண்ணை ஜேசிபி வைத்து வழித்து எடுப்பது இரண்டாவது தவறு. வாய்க்கால் அடைபட்டிருக்கிறது, வயல்காரர் சத்தம் போடுகிறார் என்று காரணம் சொல்வார்கள். மேலெழும்பிய அந்த மண்தான் இப்போது மிச்சக் கரையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்தால் மீதியும் வரும்.

மூன்றாவது, கரையடியில் தேங்கிய நீரை ஒரே மூச்சில் பம்ப் வைத்து இறைப்பது. வெளியே நிற்கும் தண்ணீரும் கரைக்கு ஒரு பக்கத் தாங்கல். கரைக்குள் ஊறிய நீர் அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. வெளிநீர் சட்டென்று இறங்கினால் உள்நீரின் அழுத்தம் மட்டும் மிச்சமாகி, கரை வெளிப்பக்கம் தள்ளப்படும். வெள்ளம் வடியும்போது ஆற்றங்கரைகள் சரிவதற்கும் இதுதான் காரணம். இறைக்கத்தான் வேண்டும் என்றால் மெதுவாக, அளவு பார்த்துக்கொண்டே இறையுங்கள்.

சரி, செய்ய வேண்டியது? விரிசலைக் களிமண் வைத்து அடைத்து மேலே தார்ப்பாய் விரியுங்கள். விரிசலுக்குள் 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அதன் அடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 டன் பக்கவாட்டுத் தள்ளல் இருக்கும். மழைநீர் அந்தப் பக்கம் வராமல் மேலே சின்ன வரப்பு கட்டித் திருப்பிவிடுங்கள். உச்சியில் உள்ள மண்ணைக் கொஞ்சம் வழித்து எடுக்க முடிந்தால் எடுங்கள். நீளக் கை உள்ள இயந்திரத்தை விரிசலுக்கு வெகு பின்னால், உறுதியான இடத்தில் நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். கரையடியில் பாறாங்கல்லோ மணல் மூட்டையோ அடுக்க வழி இருந்தால் அதையும் செய்யலாம். உச்சியில் எடை குறைய வேண்டும், அடியில் எடை கூட வேண்டும். அவசரத்தில் வேறு எதுவும் நினைவுக்கு வராவிட்டாலும் இது போதும்.

அன்றைக்கே விரிசலின் இருபக்கமும் முளைக்குச்சி அடித்து இடைவெளியையும் உயர வித்தியாசத்தையும் குறித்து வையுங்கள். கரையடியிலும், அதற்கு அப்பால் வயலுக்குள்ளும் ஒரே நேர்கோட்டில் குச்சிகள் அடியுங்கள். இரண்டு வேளை அளந்தால், சறுக்கல் வேகம் கூடுகிறதா அடங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

எந்த வகைச் சரிவு?

மழைக்குப் பிறகு பக்கச் சரிவின் மேல்தோல் மட்டும் ஒரு மீட்டர் கனத்துக்குள் வழிந்திருந்தால், கரையடி நிலம் அசையாமல் இருந்தால், அது மேலோட்டமானது. சரியாக இறுக்கப்படாத ஓர மண், புல் இல்லாத சரிவு, சாலைநீர் ஒரே இடத்தில் வழிவது ஆகியவை காரணமாக இருக்கும். படி வெட்டி, நல்ல மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கி, மேலே தென்னை நார்ப் பாய் விரித்துப் புல் அல்லது வெட்டிவேர் நட்டால் தீர்ந்தது. தண்ணீர் இறங்க கான்கிரீட் சரிவு வடிகால் வைக்க மறக்காதீர்கள்.

கரையடிக்கு வெளியே நிலம் பொம்மியிருக்கிறது, வயல் வரப்பு வளைந்திருக்கிறது, மின்கம்பம் கரையின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றால் விஷயம் வேறு. சறுக்கு வட்டம், அதாவது மண் வில்போல வளைந்து சறுக்கும் தளம், கரையைத் தாண்டி அடியில் உள்ள களிக்குள் போய், வெளியே வந்திருக்கிறது. இந்தக் கட்டுரையின் மீதி இந்த வகையைப் பற்றித்தான். வெட்டிவேரின் வேர் 3 மீட்டர் வரைகூடப் போகும். ஆனால் 8 மீட்டர் ஆழத்தில் நடக்கும் சறுக்கலுக்கு அது மருந்தாகாது.

விரிசலே இல்லாமல் சாலை மட்டும் சீராக அமிழ்ந்துகொண்டே போவது இன்னொன்று. அது களிமண் இறுகுவதால் வருவது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது சரிவு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேவையில்லாத செலவு.

ஏன் இப்போது சரிந்தது?

சேற்றுக்களியின் மேல் போடும் கரைக்கு, மண் போட்டு முடித்த சமயம்தான் மிக ஆபத்தான சமயம். கரையின் எடை முழுவதும் முதலில் களிக்குள் இருக்கும் நீரின் மேல்தான் விழுகிறது. நீர் மெல்ல மெல்ல வெளியேற, களி இறுகி வலுப்பெறுகிறது. ஆகவே இந்த வகைக் கரைகள் பெரும்பாலும் கட்டும்போதோ, கட்டி முடித்த சில மாதங்களிலோதான் சரியும். கட்டும்போது சரிந்தால் காரணம் பெரும்பாலும் உயரம் அல்லது வேகம்.

பத்து வருடம் நின்ற கரை திடீரென்று சரிந்தால், ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று பொருள். அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அமிழ்ந்த சாலையைச் சரிசெய்ய மேலே மேலே தார் அடுக்கு போட்டு உயரமும் எடையும் கூடியிருக்கலாம். கரையடியில் வாய்க்காலைத் தூர்வாருகிறேன் என்று ஆழமாக வெட்டியிருக்கலாம். யாராவது மீன் குட்டை தோண்டியிருக்கலாம். சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் கல்வெர்ட் குழாய் அடைபட்டு ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் உயர்ந்திருக்கலாம். பக்கத்து ஊர் விவசாயிகளிடம் போய்ப் பேசுங்கள். எந்த வருடம் எங்கே வெட்டினார்கள், எந்த மழையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். அலுவலகக் கோப்பில் அது இருக்காது.

மண்ணைச் சோதிப்பது

சறுக்கிய பகுதியின் குறுக்கே குறைந்தது மூன்று துளைகள் போடுங்கள்: உச்சியில், சரிவின் நடுவில், கரையடிக்கு வெளியே. நான்காவதாக, சரியாத பகுதியில் ஒன்று. ஒப்பிட அது வேண்டும். களி முடிந்து உறுதியான மண் வரும்வரை துளை போக வேண்டும்.

சுத்தியலால் அடித்து எண்ணிக்கை பார்க்கும் எஸ்.பி.டி. சோதனை இங்கே அதிகம் உதவாது. மிக மென்மையான களியில் குழாய் தன் எடையிலேயே இறங்கிவிடும். 0, 1, 2 என்று வரும் எண்களை வைத்து எதையும் வடிவமைக்க முடியாது. துளைக்குள்ளேயே நான்கு இறக்கை உள்ள கருவியைச் சுழற்றிப் பார்க்கும் வேன் சோதனைதான் இதற்கு ஏற்றது. இந்தியத் தரநிலை 4434 அதன் செய்முறையைச் சொல்கிறது. ஒவ்வொரு ஆழத்திலும் முதல் அளவீடு எடுத்த பிறகு, கருவியை வேகமாகப் பல சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அளவு எடுங்கள். கலைந்த களிக்கு எவ்வளவு வலு மிச்சம் இருக்கிறது என்று அது காட்டும். கடலோரக் களிகளில் அது முதல் அளவில் நான்கில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். சறுக்கல் நடந்த தளத்தில் உள்ள களி ஏற்கெனவே கலைந்துவிட்டது. பழைய ஆய்வறிக்கையில் இருக்கும் வலுவை எடுத்துப் புது வடிவமைப்பில் போட்டுவிடாதீர்கள்.

சறுக்கு ஆழத்தை அறிய, எந்த ஆழத்தில் நிலம் எவ்வளவு சாய்கிறது என்று அளக்கும் இன்க்ளினோமீட்டர் குழாய் இறக்குவதே சிறந்த வழி. அது கிடைக்க நாளாகும் என்றால், துளையில் ஒரு சாதாரண பிளாஸ்டிக் குழாயை இறக்கி வைத்துவிட்டு, சில நாள் கழித்து ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பாருங்கள். குழாய் வளைந்த இடத்தில் கம்பி தட்டும். சறுக்கல் அந்த ஆழத்தில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

சரிவைக் கணக்கிடும் மென்பொருளைத் திறப்பதற்கு முன் கையால் ஒரு கணக்குப் போடுங்கள். ஆழமான களித்தளம் தாங்கக்கூடிய அழுத்தம், தோராயமாக அதன் வெட்டு வலிமையைப்போல் (சறுக்கலை எதிர்க்கும் வலுவைப்போல்) 5.14 மடங்கு. களியின் வெட்டு வலிமை 15 கிலோபாஸ்கல் என்றால் தாங்கும் அழுத்தம் 77. கரை மண்ணின் எடை கனமீட்டருக்கு 19 கிலோநியூட்டன். 5 மீட்டர் கரை தரும் அழுத்தம் 95. தாங்கும் அழுத்தத்தை வரும் அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது பாதுகாப்புக் காரணி; அது 1-க்குக் கீழே போனால் கரை சரியும். இங்கே அது 77/95, அதாவது 0.8. இந்தக் கரை 4 மீட்டரிலேயே சரியத் தொடங்கியிருக்கும்.

இப்போது இரண்டு பக்கமும் 2 மீட்டர் உயரத்துக்கு அகலமான பக்கமேடு போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சைட்டில் இதைப் பெர்ம் என்பார்கள். பெர்முக்கு மேல் தெரியும் உயரம் 3 மீட்டர், அழுத்த வித்தியாசம் 57. காரணி 1.35 ஆகிறது. பெர்ம் தன்னளவில் 38 தான் தருகிறது, அதன் காரணி 2. ஆகவே அதுவும் சரியாது. எந்த விலையுயர்ந்த பொருளும் இல்லாமல் 0.8-ஐ 1.35 ஆக்கியிருக்கிறோம்.

இது முதல் கணிப்பு மட்டும்தான். அடுத்து மென்பொருளில், சரிந்த அதே வடிவத்தைப் போட்டு, காரணி 1 வரும்வரை களியின் வலுவை மாற்றிப் பாருங்கள். சரிந்த கணத்தில் காரணி 1 என்பது நிச்சயம். ஆகவே அப்போது கிடைக்கும் வலு உண்மைக்கு மிக அருகில் இருக்கும். இன்க்ளினோமீட்டர் காட்டிய ஆழமும் மென்பொருள் காட்டும் வட்டமும் ஒத்துப்போகாவிட்டால், ஒத்துப்போகும்வரை விடாதீர்கள். சீரமைப்பு வடிவமைப்பு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இடம் இருந்தால் பெர்ம்தான் என் முதல் தேர்வு. எளிது, மலிவு, தப்பு நடந்தாலும் திருத்தலாம். பெர்மின் அகலம் சறுக்கு வட்டம் வெளியே வரும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டும். அதற்கு உள்ளேயே நின்றுவிட்டால் போட்ட மண்ணில் பாதி வீண். ஆனால் கூடுதல் நிலம் வேண்டும். நெடுஞ்சாலை எல்லைக்கு வெளியே வயல் என்றால், நிலம் எடுக்கும் வேலை கட்டுமானத்தைவிட நீளும்.

நிலம் இல்லை என்றால் கரையின் எடையைக் குறைக்கலாம். அனல்மின் நிலையச் சாம்பல் பக்கத்தில் கிடைத்தால் அது நல்ல வழி. சாதாரண மண்ணைவிட நான்கில் ஒரு பங்கு எடை குறையும். ஆனால் அதைத் திறந்து விடக்கூடாது, மேலேயும் பக்கங்களிலும் நல்ல மண்ணால் மூட வேண்டும். இன்னும் குறைக்க வேண்டும் என்றால் தெர்மோகோல் கட்டிகள். நார்வேயில் ஒஸ்லோவுக்கு அருகே ஃப்ளோம் பாலத்தின் அணுகுசாலை அமிழ்ந்துகொண்டே இருந்தபோது, 1972-இல் மண்ணை எடுத்துவிட்டு இந்தக் கட்டிகளை வைத்துத்தான் நிறுத்தினார்கள். எடை மண்ணில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. வெள்ளம் வரும் இடத்தில் மிதக்கும் ஆபத்து இருக்கிறது, டீசல் பட்டால் கரையும். இரண்டுக்கும் ஏற்பாடு வேண்டும்.

களி 3 மீட்டருக்குள் முடிந்துவிட்டால் அதை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு மணலோ கல்லோ நிரப்புவது சிறந்தது. அதற்குமேல் ஆழமானால் தோண்டிய குழியே சரியும்.

மண்ணுக்குள் விரிக்கும் பிளாஸ்டிக் வலையான ஜியோகிரிட் பற்றி ஒரு எச்சரிக்கை. கரையின் அடியில், களிக்கு மேல் விரிக்கும் வலுவான ஜியோகிரிட் கரை விரிந்து பிளப்பதைத் தடுக்கும், சறுக்கு வட்டத்தை இழுத்துப் பிடிக்கும். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 113-ஆம் வழிகாட்டி இதற்கென்றே இருக்கிறது. ஆனால் அமிழ்வை அது தடுக்காது. களியின் தாங்கும் திறனையும் கூட்டாது. தெரியாதவர்கள் இதை எல்லா நோய்க்கும் மருந்தாக நினைக்கிறார்கள்.

களிக்குள் துளையிட்டு ஜல்லி நிரப்பிச் செய்யும் கல் தூண்கள் வேலை செய்ய, சுற்றியுள்ள களி கற்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெட்டு வலிமை 15 கிலோபாஸ்கலுக்குக் கீழே போகப்போகக் கற்கள் பக்கவாட்டில் பொம்மும்; அங்கே உறை போட்ட தூண்கள் அல்லது சிமென்ட் கலந்த களித் தூண்கள்தான். அப்புறம், ஏற்கெனவே சறுக்கிய இடத்தில் அதிர்வு உண்டாக்கும் இயந்திரத்தைக் கொண்டுவருவதற்கு முன், பெர்ம் போட்டு நிலைப்படுத்தியிருக்க வேண்டும்.

காலம் இருந்தால் களியையே வலுவாக்கலாம். களி இறுகும்போது, கூடிய அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல் அதன் வலுவில் சேரும். 2 மீட்டர் மண் 38 கிலோபாஸ்கல் தந்து முழுதாக இறுகினால், 15 ஆக இருந்த வலு 23 ஆகும். சிக்கல் காலம்தான்: மேலும் கீழும் நீர் வெளியேறக்கூடிய 8 மீட்டர் களி தானாக 90 சதவீதம் இறுக, பத்து வருடத்துக்கு மேல்கூட ஆகலாம். அதில் 1 முதல் 1.5 மீட்டர் இடைவெளியில் செங்குத்து வடிகால் பட்டைகளைச் செருகினால் சில மாதங்களில் முடியும். நீர் போக வேண்டிய தூரம் பாதியானால் காலம் நான்கில் ஒன்றாகும் என்பதுதான் இதன் சூட்சுமம். இலங்கையின் தெற்கு அதிவேகச் சாலை, 2011-இல் திறக்கப்பட்டது, முற்றா நிலக்கரி போன்ற கரிச்சேற்றின் மேல் பல இடங்களில் போகிறது. அங்கே ஆழமான இடங்களில் வடிகால் பட்டைகளுடன் வெற்றிட உறிஞ்சலும் பயன்பட்டது. வெற்றிட முறையில் மேலே எடை ஏற்றாமலே அழுத்தம் கிடைக்கும், ஆகவே சரியும் பயம் குறைவு.

வேலை நடக்கும் வரிசை

முதலில் பெர்ம், அப்புறம்தான் மேல்வேலை. பெர்மையும் வெளி ஓரத்திலிருந்து கரையை நோக்கிப் போட்டு வாருங்கள். இயந்திரம் நிற்க, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து அதன்மேல் அரை மீட்டர் மணல்; அதுவே வடிகால் அடுக்காகவும் இருக்கும். வாய்க்காலும் கல்வெர்ட்டும் அடைபடாமல் நீட்டித்துவிடுங்கள்.

பிறகு சறுக்கிய கரை மண்ணை மேலிருந்து கீழாக எடுக்க வேண்டும். நீளம் முழுவதையும் ஒரே சமயத்தில் திறக்காதீர்கள். 10 முதல் 15 மீட்டர் துண்டாக வெட்டி, நிரப்பி, அதற்குப் பிறகு அடுத்த துண்டு. இடையில் ஒரு துண்டு விட்டுவிட்டு வெட்டுவது இன்னும் நல்லது. கரைக்குள் உள்ள பளபளப்பான சறுக்குத் தளம் தெரியும். அதையும் தாண்டி நல்ல மண்ணுக்குள் படி வெட்டுங்கள். படியின் தளம் லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கட்டும். வெட்டிய மண்ணை உச்சியில் குவிக்கக்கூடாது. வெட்டிய குழியின் அடியில் ஆள் இருக்கும்போது மேலே யாராவது ஒருவர் விரிசலைப் பார்ப்பதற்கென்றே நிற்க வேண்டும். இதில் சமரசமே வேண்டாம்.

நிரப்பும் மண்ணை 20 சென்டிமீட்டர் தளர்வான அடுக்காகப் போட்டு, உகந்த ஈரத்துக்கு (மண் நன்றாக இறுகும் ஈர அளவுக்கு) 2 சதவீதம் கூடக்குறைய வைத்து உருட்டுங்கள். ஓரம்வரை ரோலர் போகாது; ஆகவே அரை மீட்டர் அகலமாகப் போட்டு, பிறகு ஓரத்தைச் சீவி எடுங்கள். பழைய கரை முதலில் சரிந்ததற்கே அந்த இறுகாத ஓரம் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும்.

பருவமழைக் கணக்கும் பாருங்கள். தமிழகக் கடலோரத்தில் அக்டோபருக்கு முன், கேரளத்தில் ஜூனுக்கு முன் வெட்டு வேலை முடிந்திருக்க வேண்டும். முடியாது என்றால் பெர்மோடு நிறுத்தி, தார்ப்பாய் மூடி, மழை போனபின் திறந்துகொள்ளுங்கள்.

அளந்துகொண்டே உயர்த்துங்கள்

கரையின் நடுவில் அமிழ்வுத் தட்டு, அடியில் நகர்வுக் குச்சிகள், களிக்குள் நீரழுத்தமானி. தினமும் காலையில் அளவு எடுத்து அன்றே வரைபடத்தில் குறியுங்கள். நடுவில் ஒரு நாளைக்கு 10 மில்லிமீட்டருக்குமேல் அமிழ்ந்தாலோ, அடியில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டருக்குமேல் வெளியே நகர்ந்தாலோ மண் போடுவதை நிறுத்துங்கள். பல நாடுகளில் கைக்கொள்ளும் வரம்பு இதை ஒட்டியே இருக்கும். இரண்டில் எனக்கு முக்கியம் பக்கவாட்டு நகர்வு. அமிழ்வு கூடியும் நகர்வு கூடாமல் இருந்தால் களி இறுகுகிறது, நல்லது. அமிழ்வுக்குச் சமமாக நகர்வும் கூட ஆரம்பித்தால் களி பிதுங்குகிறது. அன்றே ஆட்களையும் இயந்திரத்தையும் இறக்கிவிடுங்கள், வேண்டுமானால் கடைசி அடுக்கையும் எடுத்துவிடுங்கள்.

சாலையைத் திறக்கும்போது முதல் வருடத்துக்கு மெல்லிய தார் மேற்பரப்பு போதும். அமிழ்வு வேகம் மாதத்துக்குச் சில மில்லிமீட்டராக அடங்கிய பிறகு இறுதித் தார் அடுக்கு போடலாம். அளவுக் குழாய்களை மூடிப் பூட்டி அப்படியே விட்டுவிடுங்கள், மழைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை அளவு பார்க்க. பெர்மின் வெளி ஓரத்தில் எல்லைக்கல் நட்டு, அதற்குள் குட்டை வெட்டவோ வாய்க்காலை ஆழப்படுத்தவோ கூடாது என்று ஊராட்சிக்கும் பொதுப்பணித் துறைக்கும் எழுத்தில் கொடுங்கள். தூர்வாரும் ஒப்பந்தக்காரர் வருடத்துக்கு வருடம் மாறுவார். ஆகவே அந்தக் கடிதத்தின் நகல் ஒவ்வொரு கோடைக்கும் ஒருமுறை போக வேண்டும்.